பாதி சொன்ன சேதி

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. வண்ணார்பேட்டையில் ஒரு பேக்கரியின் மாடியில் நடக்கும் இந்தி மாலை வகுப்பில், எனக்கு முன் பெஞ்சில் உட்காரும் சுகன்யா சொன்னது. மாஸ்டர் வரத் தாமதமான ஒரு நாளில் சொல்லத் தொடங்கினாள். கடைசி இடத்துக்கு வந்தபோது மாஸ்டர் வந்துவிட்டார். எல்லோரும் எழுந்து நின்றோம். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

என்ன நடந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் சுகன்யாவின் எதிர்வீடு ஷிபினின் வீடு. ஷிபின் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். நான்கு நண்பர்களோடு உத்தராகண்டில் ஒரு பனிச்சிகரம் ஏறப் போனார். மேலே புயலில் மாட்டிக்கொண்டார்கள். ஷிபின் இறந்துபோனார். அந்தச் சேதி இந்தியில் வந்தது. அந்தத் தெருவில் இந்தி தெரிந்தவள் சுகன்யா ஒருத்திதான்.

கதையின் முடிவை உடைத்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஷிபின் இறந்தது முடிவு அல்ல. அதை அவருடைய அம்மாவிடம் சுகன்யா எப்படிச் சொன்னாள் என்பதுதான் முடிவு. அது எனக்குத் தெரியாது.

நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன். நடந்ததை நடந்த வரிசையில் எழுத வரும். நடக்காததை எழுதிப் பழக்கமில்லை. பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். மாற்றிய பிறகு ஒவ்வொருவரும் எனக்குப் புதிதாக அறிமுகமானவர்கள் போல விலகி நிற்கிறார்கள். சிகரத்தின் பெயரை எழுதவே இல்லை.

2

முறைப்படி தொடங்க வேண்டும் என்று நினைத்தேன். புயல் பற்றிய கதை புயலில்தானே தொடங்க வேண்டும்?

[இருபதாயிரம் அடி உயரத்தில் காற்று ஒரு மிருகத்தைப் போல —]

எந்த மிருகம்? யோசித்துப் பார்த்தேன். எனக்குக் கிடைத்தது எங்கள் தெருவில் இரவு முழுக்கக் குரைக்கும் நாய்தான். அந்த வரியை அடித்துவிட்டேன்.

[பனி தன் வெண்ணிற வாளை உருவி —]

இதை ஏன் எழுதினேன் என்றே தெரியவில்லை.

[குளிர் என்றால் என்னவென்று ஷிபினுக்கு அப்போதுதான் —]

எனக்குத் தெரியுமா? என் வாழ்க்கையின் அதிகபட்சக் குளிர், மார்கழியில் குறுக்குத்துறை ஆற்றில் முங்கி எழுந்தது. ஆகவே மறுநாள் காலையில் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். புன்னக்காயலிலிருந்து வரும் மீன் பெட்டிகளில் ஐஸ் கட்டிகளை உடைத்துப் போட்டிருப்பார்கள். மீன் விற்கும் மாரித்தாய் அக்காவிடம் சொல்லாமல் கையை உள்ளே விட்டேன். விட்டபடியே நின்றேன்.

"ஏலே, மீனு வாங்க வந்தியா, கைய ஊற வைக்க வந்தியா?"

"சும்மாதான் அக்கா. எம்புட்டு நேரம் தாங்குதுன்னு பாக்கேன்."

"பாத்து என்ன செய்யப் போற?"

"எழுதப் போறேன்."

"எழுதுத கைய ஏம்ல ஐஸுக்குள்ள விட்டிருக்க? இன்னொரு கைய விடு."

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒன்று தெரிந்தது. முதலில் வலிக்கிறது. பிறகு வலி நின்றுவிடுகிறது, கை என்னுடையது இல்லை என்று ஆகிவிடுகிறது. வலி நிற்கும் இடத்தில்தான் பயம் வந்தது. கையை வெளியே எடுத்துவிட்டேன். எடுக்க முடிந்தது என்பதுதான் எனக்கும் மலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் உள்ள வித்தியாசம். அன்று முழுக்கக் கையில் சாளை மீன் வாடை.

(இந்தப் பகுதியை நீக்கிவிடலாமா என்று மூன்று முறை யோசித்தேன். ஒருவர் இறந்த கதையில் மீன் வாடை எதற்கு? நீக்கவில்லை. புயலைப் பற்றி எனக்கு நேராகத் தெரிந்தது இவ்வளவுதான்.)

3

பிறகு பெருமாள்ராஜைப் பார்க்கக் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். ஷிபினோடு மேலே போய்த் திரும்பி வந்தவர்களில் ஒருவர். வீட்டில் அப்பளத் தொழில். மாடியில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. பனியில் உறைந்து கறுத்துப்போனதால் எடுத்துவிட்டார்கள். கட்டு இன்னும் பிரிக்கவில்லை.

நான் எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினேன். அதில் ஷிபின் தன் தூங்கும் பையை நண்பனுக்குக் கொடுத்துவிட்டு, குளிரில் உட்கார்ந்தபடியே இறந்துபோகிறார். அழகாக வந்திருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு.

பெருமாள்ராஜ் முழுவதையும் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. யாருவே இவன்?"

"ஷிபின்தான்."

"ஷிபினா! எங்கிட்ட சாக்ஸ் இரவல் வாங்கிட்டுக் கடைசிவரைக்கும் தராதவன் வே அவன். தூங்குத பையைக் குடுப்பானாம்!" சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தானாகவே சொன்னார்.

"காத்துன்னா ஒரு பக்கமா இருந்து வரும்னுதான நெனைக்கீரு? அங்கன எல்லாப் பக்கமும் இருந்து வரும். கூடாரத் துணி மூஞ்சில அறையும். பக்கத்துல இருக்கவன் வாய் அசையுதது தெரியும், சத்தம் கேக்காது. பட்டப்பகல் வே. வெளிய கைய நீட்டினா கை தெரியாது, எல்லாம் வெள்ளையா இருக்கும். அஞ்சு பேரும் முட்டியும் முட்டியும் இடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். காத்து அடிக்கும்போது ஒண்ணுக்கு வந்தா பாட்டில்லதான் போகணும், வெளிய காலு வைக்கக் கூடாதுன்னு கீழ இருக்கும்போதே படிச்சுப் படிச்சுச் சொன்னாவ. ஆளுக்கு ஒரு பாட்டிலும் குடுத்தாவ. நாங்க நாலு பேரும் போனோம். அவன் மாட்டேன்னுட்டான்."

"ஏன்?"

"கூச்சம் வே. வேற என்ன? எங்க முன்னால எப்படி? அதுலயும் வாத்தியாரு. 'ஒரு நிமிசம்லே, ஒதுங்கிட்டு வந்திருதேன்'ன்னான். கயித்த இடுப்புல மாட்டிக்கிட்டுப் போலேன்னேன். 'வாசல்லதாம்லே நிக்கப் போறேன்'ன்னான். வாசல்ல நின்னா நாங்க கேலி செய்வோம்னு கொஞ்சம் தள்ளிப் போயிருக்கான்."

வீட்டுக்குள்ளே யாரோ உளுந்து மாவை உலக்கையால் இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கத்தினோம். அவனும் எங்களக் கத்திக் கூப்பிட்டிருப்பான். ஒண்ணும் கேக்கல. இந்தக் கையி, அவனத் தேடி வெளிய நீட்டி நீட்டித் துழாவின கையி. காத்து நின்ன பெறவு பாத்தா, இந்தா, இந்த வாசலுக்கும் அந்தத் தெருக் குழாய்க்கும் உள்ள தூரம். உக்காந்தாப்புல இருந்தான்."

ஆறும் வாய்க்காலும் உள்ள ஊர்களில் பிறந்தவர்கள் நாங்கள். நாலு பேர் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போக வேண்டும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. நடக்கப் பழகியபோதே பழகியது. அந்த மரியாதையோடு ஒருவர் புயலுக்குள் எழுந்து போயிருக்கிறார்.

"இத எழுதலாமா?" என்று கேட்டேன்.

"எழுதும். அடுத்து போறவன் பாட்டில எடுப்பான்லா." கொஞ்சம் கழித்து, "பேர மட்டும் மாத்திரும்" என்றார்.

4

இப்போது சுகன்யா. இவளைப் பற்றித்தான் எனக்கு அதிகச் சந்தேகம்.

முதல் பிரதியில் அவளை இந்தியில் பட்டம் வாங்கியவளாக எழுதினேன். சேதி நம்பும்படியாக இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் உண்மையில் அவள் ஒரு டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். லோடு இறக்கும் பையன்கள் பீகாரிகள். அவர்களோடு பேசத்தான் வகுப்பில் சேர்ந்தாள். அவளுடைய இந்தியில் பாதி 'தூக்கு', 'இறக்கு', 'மெதுவா வை, பைய வை', 'உடையும்'. மாஸ்டர் அவளுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார்: எதிராளி ஒரு வாக்கியம் சொன்னதும் அதைத் தமிழாக்கிவிடு, பிறகு அடுத்த வாக்கியத்தைக் கேள், மொத்தமாகச் சேர்த்து வைத்தால் மறந்துவிடும்.

நல்ல வழிதான். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

[அன்று மாலை வானம் சிவந்து —]

வானம் எப்படி இருந்தது என்று அவள் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டிலிருந்து ஜெய்சன் கூப்பிட்டபடி ஓடி வந்தார். ஷிபினின் அக்கா ரீபாவின் கணவர்.

"சுகன்யா, ஓடியா! மலையில இருந்து போலீஸ்காரரு லைன்ல இருக்காரு. நான் இங்கிலீஷ்ல கேக்கேன், அவரு இந்தியிலயே சொல்லுதாரு!"

மலையிலிருந்து தகவல் நின்றுபோய் இரண்டு நாளாகியிருந்தது. கூட்டிப்போன நிறுவனத்து ஆள் போனை அணைத்து வைத்துவிட்டார். வேறு ஒரு அணியில் மூன்று பேர் இறந்துவிட்டதாக மட்டும் டிவியில் சொன்னார்கள். சுகன்யா ஒரு செருப்போடு தெருவைக் கடந்தாள்.

முன்னறையில் நாற்காலிகளில் சொந்தக்காரர்களும் சபை ஆட்களும் இருந்தார்கள். ஷிபினின் அப்பா எலியேசர் சார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா பாக்கியவதி டீச்சர் ரீபாவின் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். சுகன்யாவுக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்தவர்.

"வாட்டி," என்றார் டீச்சர். "கேட்டுச் சொல்லு. பயப்படாத."

ஸ்பீக்கரில் இரைச்சல் அதிகமாக இருந்தது. அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தாள். மாஸ்டர் சொன்னபடி ஒவ்வொரு வாக்கியமாக எடுத்தாள்.

"காத்து நின்னுட்டாம்."

யாரோ மூச்சு விட்டார்கள்.

"ஹெலிகாப்டர் மேல போயிருக்காம்."

"அப்புறம்?" என்றார் ஜெய்சன்.

"இவங்க கூடாரத்தப் பாத்துட்டாங்களாம்."

"அப்புறம்ட்டி?" என்றார் டீச்சர்.

"உள்ள ஆளுங்க உசுரோட இருக்காங்களாம்."

"ஸ்தோத்திரம்!" என்று டீச்சர் அலறினார். உட்கார்ந்திருந்தவர் அப்படியே முழங்கால்படியிட்டார். நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்டன. எல்லோரும் முழங்காலில் நின்றார்கள், எல்லோருடைய கண்களும் மூடின. இரண்டு நாளாக ஒரு சொல்லும் பேசாமல் இருந்த எலியேசர் சார் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டுக் கைகளை உயர்த்தினார்.

"எங்கள் பரம பிதாவே, என் பிள்ளையைக் கூடாரத்துக்குள் மறைத்துக் காத்தீரே..."

அந்தக் குரலுக்கு மேல், சுகன்யாவின் காதில், போலீஸ்காரர் அடுத்த வாக்கியத்தைச் சொன்னார்.

அதை இந்தியில் எழுதப் போவதில்லை. உள்ளே இருந்தவர்கள் நான்கு பேர். ஐந்தாவது ஆள் வெளியே கிடந்தார், இறந்துவிட்டார். பெயர் ஷிபின்.

தான் கற்றது அரைகுறை இந்தி, தப்பாகப் புரிந்திருக்கும் என்று சுகன்யா நினைத்தாள். அவளுக்கு அப்போது இருந்த ஒரே நம்பிக்கை அது. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று மெல்லக் கேட்டாள். அவர் நல்ல மனிதர். குழந்தைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்தி மறுபடி சொன்னார். உடலை எந்த ஊருக்குக் கொண்டுவருவார்கள், யார் வர வேண்டும் என்றும் சொன்னார். ஒரு சொல்கூட அவளுக்குப் புரியாமல் இல்லை.

பிறகு கேட்டார்: வீட்டில் சொல்லிவிட்டீர்களா? நான் எழுதிக்கொள்ள வேண்டும்.

சுகன்யா அறையைப் பார்த்தாள். கண் திறந்திருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

ஆமாம் என்பதற்கு "ஜி" என்றாள்.

போன் அணைந்தது.

5

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். இந்தக் கிறிஸ்தவ வீடுகளில் ஒருவர் ஜெபிக்கத் தொடங்கினால் நடுவில் யாரும் பேசுவதில்லை. பால் பொங்கினாலும் ஆமென் வரும்வரை பொங்கும். ஒருவர் முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் தொடங்குவார், வரிசையாகப் போகும். சுகன்யா அந்த மதத்தைச் சேர்ந்தவள் அல்ல. ஆனால் அவளுக்கும் அது தெரியும். பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் கண்ணை மூடி நின்றவள்தான். நடுவில் வாய் திறந்த பிள்ளைகளை டீச்சர் ஸ்கேலால் தொடுவார். அடி விழாது. தொட்டாலே போதும்.

இப்போது அவளும் முழங்காலில்தான் இருந்தாள். எப்போது முழங்காலிட்டாள் என்று அவளுக்கு நினைவில்லை. கையில் ஜெய்சனின் போன்.

எலியேசர் சார் முடித்தார். ஆமென் என்றார்கள். சுகன்யா வாயைத் திறந்தாள். அதற்குள் டீச்சர் தொடங்கிவிட்டார்.

டீச்சருக்கு ஜெபத்தில் எப்போதும் புத்தகத் தமிழ்தான் வரும். அன்று அது உடைந்து உடைந்து போயிற்று. "ஆண்டவரே, உமக்குக் கோடி ஸ்தோத்திரம். பிள்ளை என்னத்தத் தின்னானோ தெரியல. அவன் கால்விரலுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாது ஆண்டவரே, அவன் ஓடுத பிள்ளை. இனிமே போகாதன்னு நான் அவன ஏச மாட்டேன். இந்தச் சேதியைக் கொண்டுவந்த சுகன்யாவ ஆசீர்வதியும், அவ படிச்ச படிப்ப ஆசீர்வதியும்..."

போன் அதிர்ந்தது. திரையில் 'முப்பிடாதி கேபிள்' என்று பெயர் வந்தது. உள்ளூர் டிவியில் இருக்கும் ஜெய்சனின் நண்பர். அடங்கியது. மறுபடி அதிர்ந்தது. ஆக, ஊருக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் யாராவது வாசலில் வந்து நின்று அழுவார்கள். அதற்கு முன் அவள் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் தெருவிலிருந்து கத்தி டீச்சருக்குச் சொல்வார்.

6

இங்கேதான் நான் பல நாட்களாக நின்றுகொண்டிருக்கிறேன்.

ஒரு பிரதியில் சுகன்யா ஜெய்சனின் தோளைத் தொடுகிறாள். ஆண்பிள்ளை, மருமகன், அவரிடம் சொன்னால் அவர் பார்த்துக்கொள்வார். எழுதும்போது சரியாக இருந்தது. ஆனால் ஜெய்சன் அப்போது கண்ணை மூடிக்கொண்டு, முகமெல்லாம் தண்ணீராக, சிரித்துக்கொண்டிருந்தார் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அந்தத் தோளை எப்படித் தொடுவது?

இன்னொன்றில் ஜெபத்தின் நடுவே பேசிவிடுகிறாள்.

[ "ஓடுத பிள்ளை ஆண்டவரே —"
"டீச்சர், ஷிபின் அண்ணன் —" ]

இரண்டு வரிகளும் தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. கீழ்வரியை முடிக்க என்னால் ஆகவில்லை.

போனைத் தரையில் வைத்துவிட்டு அவள் வீட்டுக்கு ஓடிவிடுவதாகவும் எழுதினேன். இருபத்திரண்டு வயதுப் பெண், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அவள் ஓடவில்லை. அது எனக்குத் தெரியும்.

மூன்றாவதோ நான்காவதோ, எண்ணிக்கை விட்டுப்போயிற்று. போலீஸ்காரர் திரும்பக் கூப்பிட்டு, பெயர் மாறிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்கிறார். எழுதுகிறவனுக்கு இது ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியை எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க ஷிபின் உயிரோடு இருந்தார். ரயிலில் வந்து இறங்கினார், கொஞ்சம் நொண்டினார், பெருமாள்ராஜின் சாக்ஸைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தார். டீச்சர் அவரை ஏசினார். ஏச மாட்டேன் என்று ஆண்டவரிடம் சொன்னதை மறந்து ஏசு ஏசு என்று ஏசினார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. காபி குடிக்கப் போனேன். தம்ளரைப் பிடித்தபோது, கல்லிடைக்குறிச்சியில் பெருமாள்ராஜ் இரண்டு விரலால் எனக்குக் காபி தம்ளரை நீட்டியது கண்ணில் வந்தது. திரும்பி வந்து அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

7

டீச்சருக்குப் பிறகு ரீபா ஜெபித்தார். பாதிக்கு மேல் அழுகைதான். பிறகு ஜெய்சன், நாலு வார்த்தையில் முடித்துவிட்டார். பிறகு சபை ஆட்கள் இரண்டு பேர். வரிசை சுவர் ஓரமாகச் சுற்றி வந்தது. கடைசி ஆமெனுக்குப் பிறகு அறை அமைதியானது.

எல்லோரும் எழுந்துவிடுவார்கள், அப்போது சொல்லிவிடலாம் என்று சுகன்யா காத்திருந்தாள். யாரும் எழவில்லை. வரிசையில் அடுத்த ஆள் அவள்தான்.

"ஏட்டி சுகன்யா," என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமல். குரலில் சிரிப்பு இருந்தது. "உன் வாயாலதான நல்ல சேதி வந்துச்சு. நீயும் ரெண்டு வார்த்தை சொல்லு. உனக்குத் தெரிஞ்ச சாமிய நெனச்சுக்கிட்டே சொல்லு, ஒண்ணுமில்ல."

"சொல்லும்மா," என்றார் எலியேசர் சார்.

இதுவரைதான் சுகன்யா என்னிடம் சொன்னாள். 'டீச்சர் என்னையச் சொல்லச் சொன்னாங்கண்ணே' என்றாள். அந்த நேரத்தில்தான் மாஸ்டர் உள்ளே வந்தார்.

விசாரித்தால் தெரிந்துவிடும். ரீபா இருக்கிறார், ஜெய்சன் இருக்கிறார், அந்தத் தெரு முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். நான் போகவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிறுத்திய இடத்தைத் தாண்டி அவளுடைய அனுமதி இல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. ஊகித்து எழுதினால், அவள் வாயில் வைக்க என்னிடம் இருப்பதெல்லாம் அலங்காரமான வார்த்தைகள். தூங்கும் பையைக் கொடுத்த ஷிபினை எழுதியவன்தானே நான்.

ஆகையால் இங்கிருந்து நான் எழுந்துகொள்கிறேன். சுகன்யாவின் இடம் காலியாக இருக்கிறது. இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், அறையில் என்ன தெரியும் என்ன தெரியாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். போன் மறுபடி அதிர்கிறது. கண்ணைத் திறந்துகொண்டிருப்பது இப்போது நீங்கள் ஒருவர்தான். டீச்சர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, முகத்தை மேலே தூக்கி, காத்திருக்கிறார்.

சொல்லுங்கள். பைய சொல்லுங்கள்.